டர்போவுக்கு முன் பெற்றோல்: மலைநாட்டுக் காரின் எரிபொருள் வழியைத் தயார்செய்வது எப்படி

நுவரெலியாவில் டர்போ பூட்டி, ஹக்கலைப் பக்கம் ஒரு ஓட்டம், நானுஓயாப் பக்கம் ஒரு ஓட்டம் விட்டுப் பார்த்து, "நல்லா இழுக்குது" என்று பெயர் வாங்கிய கார், கொழும்புக்கு இறங்கும் வழியில் அவிசாவளையைத் தாண்டியதும் பிஸ்டனை ஓட்டையாக்கிக்கொள்ளலாம். டர்போவில் குற்றம் இருக்காது. மேலே வளி மெலிது, அதற்குக் கொஞ்சப் பெற்றோல் போதும். கீழே வளி அடர்த்தி, அதே பூஸ்டுக்கு (டர்போ திணிக்கும் மேலதிக வளியமுக்கம்) கூடுதல் பெற்றோல் வேண்டும். மேலே ஓடும்போதே, டேங்கிலிருந்து பெற்றோலைத் தள்ளும் பம்பும் அதை எஞ்சினுக்குத் தெளிக்கும் இன்ஜெக்டரும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால், கீழே போனதும் கலவை லீன் ஆகிவிடும், அதாவது வளிக்கு ஏற்ற பெற்றோல் இருக்காது. லீன் என்றால் சூடு. சூட்டுக்குப் பின்னால் நொக், அதாவது சிலிண்டருக்குள் கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டுவது. நொக் தொடர்ந்தால் பிஸ்டன் போய்விடும்.

அதனால் மலைநாட்டில் இந்த வேலைக்கு இரண்டு கணக்கு உண்டு. எவ்வளவு பெற்றோல் வேண்டும் என்பதைக் கொழும்புக்குப் போடுங்கள். அந்தப் பெற்றோலை எவ்வளவு நேரம் தொடர்ந்து தர முடியும் என்பதை ரம்பொடை ஏற்றத்தில் பாருங்கள். புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்.

இங்கே சொல்வது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள சாதாரணப் பெற்றோல் கார்களுக்கு. டீசல், ஹைபிரிட், சிலிண்டருக்குள் நேரே பெற்றோல் அடிக்கும் எஞ்சின் ஆகியவற்றுக்குப் பொருந்தாது. உதாரணத்துக்கு நம் ஊர்களில் நிறைய ஓடும் கொரோலா 121 இன் 1.5 லீற்றர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம்: 109 குதிரைவலு, கம்ப்ரெஷன் (பிஸ்டன் கலவையை நெருக்கும் விகிதம்) 10.5க்கு 1. கம்ப்ரெஷன் இவ்வளவு இருக்கும் எஞ்சினில், உள்ளே எதையும் மாற்றாமல், 0.4 பார் பூஸ்டுக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். பெற்றோலும் 95 ஒக்டேன்தான். டர்போ இல்லாத கார் மலையில் 92 இல் நொக் இல்லாமல் ஓடியிருக்கும், அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. 95 எல்லா ஷெட்டிலும் எப்போதும் இருக்காது என்பதால், தூரப் பயணத்துக்கு முன் டவுனிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

கணக்கு

கடல் மட்டத்தில் வளியமுக்கம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல் (100 கிலோபாஸ்கல் ஒரு பார்). 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் அது 81 அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வளி அங்கே இல்லை.

ஸ்பிரிங்கில் மட்டும் இயங்கும் வேஸ்ட்கேட் (பூஸ்ட் அளவு மீறாமல் பார்க்கும் டர்போ வால்வு), வெளியே உள்ள அமுக்கத்துக்கு மேல் எவ்வளவு என்றுதான் பார்க்கும். 0.4 பார் ஸ்பிரிங் என்றால் நுவரெலியாவில் எஞ்சினுக்குள் போகும் மொத்த அமுக்கம் 1.21 பார், கொழும்பில் 1.41 பார். பூஸ்ட் கேஜ் இரண்டு ஊரிலும் 0.4 என்றே காட்டும், ஆனால் எஞ்சினுக்கு இது இரண்டு வேறு தீனி. 109 குதிரைவலு எஞ்சின் நுவரெலியாவில் 130 பக்கமும் கொழும்பில் 150 பக்கமும் தரும். பெற்றோல் தேவையும் அதே விகிதத்தில் ஆறில் ஒரு பங்கு கூடுகிறது.

டர்போ பெற்றோல் எஞ்சின் முழு இழுவையில், ஒரு குதிரைவலுவுக்கு நிமிடத்துக்கு சுமார் 6 மில்லிலீற்றர் குடிக்கும். 150 குதிரைவலுவுக்கு 900 மில்லிலீற்றர், அதாவது மணிக்கு 54 லீற்றர். நான்கு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 225. ஆனால் இன்ஜெக்டரை முழு நேரமும் திறந்து வைத்திருக்க முடியாது. 80 வீதத்துக்கு மேல் திறந்திருந்தால் அது சரியாக மூடித் திறக்க நேரம் போதாது, சூடும் ஆகும். 225ஐ 0.8 ஆல் வகுத்தால் 281. இந்த எண்ணைக் குறித்து வையுங்கள், கீழே இன்னொரு கழிவு வருகிறது.

அமுக்கமும் ரிட்டர்ன் பைப்பும்

2000க்குப் பிந்திய பெரும்பாலான ஜப்பான் கார்களில், பெற்றோல் அமுக்கத்தைச் சீராக வைக்கும் ரெகியுலேட்டர் டேங்குக்குள்ளேயே இருக்கும், எஞ்சினிலிருந்து திரும்பி வரும் பைப் இருக்காது. இன்ஜெக்டர்களுக்குப் பெற்றோலைப் பிரிக்கும் குழாயான ரெயிலில் எப்போதும் ஏறத்தாழ 3 பார். டர்போ இல்லாதபோது இது போதும். பூஸ்ட் வந்தால், இன்ஜெக்டரின் வாயில் 0.4 பார் எதிர்த்துத் தள்ளும், பெற்றோலைத் தள்ளும் அமுக்கம் 2.6க்கு இறங்கும். பெற்றோல் ஓட்டம் அமுக்கத்தின் வர்க்கமூலத்தின்படி குறைவதால் இழப்பு 7 வீதம். பூஸ்ட் 1 பார் என்றால் இழப்பு 18 வீதம். எஞ்சின் கூடுதலாகக் கேட்கும் நேரத்தில்தான் இன்ஜெக்டர் குறைவாகக் கொடுக்கிறது.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ரெயிலுக்குப் பின்னால் பூஸ்டைப் பார்த்து ஏறும் ரெகியுலேட்டர் பூட்டி, டேங்குக்கு ரிட்டர்ன் பைப் இழுப்பது. பூஸ்ட் 0.4 ஏறினால் ரெயில் அமுக்கமும் 0.4 ஏறும், இன்ஜெக்டருக்கு எப்போதும் 3 பார் கிடைக்கும். மற்றது, உள்ள அமைப்பை அப்படியே விட்டு, அந்த 7 வீதத்துக்குச் சேர்த்து இன்ஜெக்டரைக் கொஞ்சம் பெரிதாக எடுத்து, எஞ்சினின் கணினியான இசியுவில் அந்தக் கழிவைச் சொல்லிவிடுவது. 0.5 பாருக்குக் கீழே இரண்டாவதுதான் எங்கள் தெரிவு. பைப் குறைவு, ஜொயின்ட் குறைவு, கசியும் இடம் குறைவு. அதற்கு மேல் போகிறவர்கள் ரிட்டர்ன் இழுத்துவிடுங்கள்.

ரிட்டர்ன் இழுப்பவர்கள் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். டேங்கிலிருந்து ஆவி போகும் பைப்பை ரிட்டர்னாகப் பாவிக்காதீர்கள், அது அந்த ஓட்டத்துக்குப் போதாது. திரும்பும் பெற்றோல் டேங்கின் மேலிருந்து அருவிபோல் விழக் கூடாது, நுரைக்கும். பைப்பை பம்ப் உட்கார்ந்திருக்கும் கிண்ணம் வரை கீழே இறக்குங்கள். ரெகியுலேட்டர் பூஸ்டைப் பார்க்கும் சிறு ஹோஸ், வளிக்கு வழி விடும் த்ரொட்டலுக்குப் பின்னால், சிலிண்டர்களுக்கு வளி பிரியும் மெனிபோல்டில் தனி இடத்திலிருந்து வர வேண்டும், பிரேக் பூஸ்டர் லைனில் டீ இணைப்பு (T வடிவத் துண்டு) போட்டு எடுக்கக் கூடாது.

அமுக்கத்தைச் சரிசெய்யும்போது அந்தச் சிறு ஹோஸைக் கழற்றி, வாயை அடைத்து, எஞ்சின் ஐட்லிங்கில் 3 பார் வையுங்கள். ஹோஸை மாட்டியதும் அமுக்கம் இறங்கும். கொழும்பில் 0.65 பார் இறங்கும் அதே கார் நுவரெலியாவில் 0.45 பக்கம்தான் இறங்கும், வெளியே வளியமுக்கம் குறைவு என்பதால். கொழும்பில் எழுதிக் கொடுத்த அளவை வைத்துக்கொண்டு, "ரெகியுலேட்டர் பழுது" என்று இங்கே கழற்றி எறிய வேண்டாம்.

மலிவு கிட்களில் வரும் ஒரு பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன இன்ஜெக்டரை அப்படியே வைத்து, ஒரு பங்கு பூஸ்டுக்குப் பன்னிரண்டு பங்கு பெற்றோல் அமுக்கம் ஏற்றும் ரெகியுலேட்டர் அது. 0.4 பாருக்கு 4.8 பார் ஏறும், மொத்தம் 8 பாருக்குக் கிட்ட. அந்த அமுக்கத்தில் பழைய பம்ப் தள்ளாது, பம்புக்குள் இருக்கும் பாதுகாப்பு வால்வும் திறந்துகொள்ளும். சில இன்ஜெக்டர் திறக்கவே மறுக்கும். கிட்டில் அது வந்தால் பெட்டியிலேயே இருக்கட்டும்.

இன்ஜெக்டர்

மேலே சொன்ன 7 வீதக் கழிவுக்காக 281ஐ 0.93 ஆல் வகுத்தால், நிமிடத்துக்கு 302 மில்லிலீற்றர். சந்தையில் அதற்கு மேல் கிடைப்பது 350 பக்கம். 350 இன்ஜெக்டர் இந்த வேலையை 70 வீதத்துக்குக் கீழேயே முடித்துவிடும். 550, 1000 என்று போகத் தேவையில்லை. பெரிய இன்ஜெக்டர் ஐட்லிங்கில் கண் சிமிட்டும் நேரத்துக்குத் திறந்து மூட வேண்டும், அங்கே ஒவ்வொரு முறையும் அளவு தப்பும். நுவரெலியாவில் ஜனவரி விடியற்காலையில் ஸ்டார்ட் செய்து பார்த்தால் இதன் அருமை தெரியும்.

கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஜப்பான் எஞ்சினிலிருந்து கழற்றிய இன்ஜெக்டர் வாங்குபவர்கள், காசு கொடுப்பதற்கு முன் மல்டிமீற்றரை எடுங்கள். இரண்டு பின்னுக்கும் இடையில் 11 முதல் 16 ஓம் என்றால் சரி. 2, 3 ஓம் காட்டினால் அது வேறு வகை. அதை உங்கள் காரின் இசியுவில் நேரே குத்தினால் மின்னோட்டம் அளவுக்கு மீறிப் போய், உள்ளே இன்ஜெக்டரை இயக்கும் மின்சுற்று எரியும். மின்னோட்டத்தைக் குறைக்கும் தடைப்பெட்டி போட்டால் ஓடும், ஆனாலும் புதியவர்களுக்கு அந்தத் தலையிடி வேண்டாம். 350 என்பது எந்த அமுக்கத்தில் அளந்தது என்றும் கேளுங்கள். 4 பாரில் 350 என்றால் 3 பாரில் 303தான்.

வாங்கியதும் நான்கையும் அல்ட்ராசொனிக்கில் கழுவி, ஓட்டம் அளக்கச் சொல்லுங்கள். நான்குக்கும் இடையில் வித்தியாசம் 3 வீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் 10 வீதம் குறைவாக அடித்தால், புகையில் வளி-பெற்றோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சரில் அது தெரியவே தெரியாது, ஏனென்றால் அந்த சென்சர் நான்கு சிலிண்டரின் சராசரியைத்தான் காட்டும். சராசரி நன்றாக இருக்கும், அந்த ஒரு பிஸ்டன் மட்டும் உருகும்.

ஓ-ரிங் நான்கும் புதிது. மாட்டும்போது ஒரு துளி எஞ்சின் ஒயில் தடவி, சுழற்றிக்கொண்டே இறக்குங்கள். உலர்வாகத் தள்ளினால் ரப்பர் மடியும், மடிந்த இடத்தில் கசியும். ரெயிலை இறுக்கிய பின் இன்ஜெக்டரைக் கையால் திருப்பிப் பாருங்கள், இலேசாகத் திரும்ப வேண்டும். பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் பம்பை மட்டும் ஓட விட்டு, பத்து நிமிடம் ஒரு வெள்ளைத் தாளால் ஒவ்வொரு ஜொயின்ட்டையும் ஒற்றிப் பாருங்கள்.

பம்ப்: போத்தல் சோதனை

"255 போட்டால் பிரச்சினை இல்லை" என்பார்கள். மணிக்கு 255 லீற்றர் தள்ளும் பம்ப் 54 லீற்றர் கேட்கும் எஞ்சினுக்குத் தேவையே இல்லை. மீதி 200 லீற்றரும் டேங்குக்குள் சுற்றிச் சுற்றிச் சூடாகும். டேங்கில் உள்ள சின்ன ரெகியுலேட்டரால் அவ்வளவையும் திருப்பிவிட முடியாமல் ரெயில் அமுக்கம் 3ஐ விட்டு மேலே ஏறும், ஐட்லிங்கில் கார் ரிச் ஆகும், அதாவது கலவையில் பெற்றோல் கூடிவிடும். போலிகளும் அந்த 255 இல்தான் அதிகம்.

முதலில் உள்ள பம்பை அளந்து பாருங்கள். வேண்டிய 54உடன் 30 வீதம் சேர்த்து 70 லீற்றர், அதாவது 30 விநாடிக்கு ஏறத்தாழ 600 மில்லிலீற்றர். இதை 3 பார் அமுக்கத்தில் தர வேண்டும். சும்மா ஹோஸைக் கழற்றி வாளியில் ஓட விட்டால் எந்தப் பழைய பம்பும் அடித்துத் தள்ளும். அது அளவு ஆகாது.

தேவையானவை: 0 முதல் 7 பார் வரை காட்டும் கேஜ், ஒரு டீ இணைப்பு, பெற்றோலுக்கு ஏற்ற சிறு திருகு வால்வு, ஒரு லீற்றர் அளவுக் கோடு போட்ட போத்தல், நல்ல ஹோஸ், பவுடர் அல்லது நுரை வகைத் தீயணைப்பான்.

வேலையை வெளியே செய்யுங்கள். குளிருக்கும் மூடுபனிக்கும் பயந்து கராஜ் கதவை இழுத்துச் சாத்துவது நம் பக்கத்துப் பழக்கம். பெற்றோல் ஆவி வளியை விடக் கனமானது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும், மூலையில் குளிர்காய வைத்த கரியடுப்பு வரைக்கும் போகும். வயரில் தொங்கும் குண்டு பல்ப் வேண்டாம், சார்ஜ் செய்த எல்இடி டோர்ச் போதும்.

பம்ப் ஃபியூஸைக் கழற்றி, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, தானாக நிற்கும் வரை விடுங்கள், லைனில் உள்ள அமுக்கம் இறங்கிவிடும். பெட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ரெயிலுக்குப் போகும் ஹோஸைத் துணியால் சுற்றிப் பிடித்துக் கழற்றி, அதில் டீ, கேஜ், மூடிய வால்வு ஆகியவற்றை மாட்டுங்கள். வால்விலிருந்து போகும் ஹோஸின் நுனி போத்தலின் அடியைத் தொடட்டும், மேலிருந்து தெறிக்க விடாதீர்கள். பெட்டரியை மாட்டி, ஃபியூஸைத் திரும்பப் போட்டு, பம்பை நேரே ஓட விடுங்கள். கேஜ் 3 பாரில் நிற்கும். வால்வை மெதுவாகத் திறந்துகொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் முள் 3ஐ விட்டு அசையத் தொடங்கும். 2.9 இல் நிறுத்தி, 30 விநாடி எண்ணி, மூடுங்கள்.

போத்தலில் 600 மில்லிலீற்றருக்கு மேல் இருந்தால் அந்த பம்ப் போதும். 500 என்றால், அவசரப்பட்டு பம்ப் வாங்குவதற்கு முன் ஃபில்டரையும் பம்பின் அடியில் உள்ள வலையையும் மாற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளக்கும்போது பம்பின் மின் இணைப்பில் எத்தனை வோல்ட் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நிற்கும்போது 12.4 இருக்கும், ஓடும்போது 13.8. எனவே ஓடும்போது இன்னும் கொஞ்சம் கூடத்தான் தரும், உங்கள் அளவு பாதுகாப்பான பக்கத்தில் இருக்கிறது. பெட்டரி சார்ஜரை அந்த இடத்தில் மாட்டாதீர்கள், அதன் கிளிப்பில் வரும் பொறி ஒன்று போதும்.

மாற்றத்தான் வேண்டும் என்றால், 3 பாரில் மணிக்கு 120 முதல் 150 லீற்றர் தரும் பம்ப் இந்த அளவுக்கு அழகாகப் பொருந்தும்.

டேங்குக்குள் ஹோஸ்

பம்பை மாற்றுகிறவர்கள் சறுக்கும் இடம் இதுதான். பம்புக்கும் மேல்மூடிக்கும் இடையில் ஒரு சாண் ஹோஸ் வரும். கடையில் வாங்கும் சாதாரணப் பெற்றோல் ஹோஸ் உள்பக்கம் மட்டும்தான் பெற்றோலைத் தாங்கும், வெளிப்பக்கம் தாங்காது. பெற்றோலில் மூழ்கிக் கிடந்தால் சில மாதத்தில் ஊறி, தடித்து, வழுவழுத்துவிடும். கிளிப்புக்குள் அது நழுவும், அல்லது சிறு வெடிப்பு விடும். வெளியே ஒரு சொட்டும் கசியாது, வாடையும் வராது. பெற்றோல் டேங்குக்குள்ளேயே பீய்ச்சிக்கொண்டிருக்கும். ஐட்லிங்கில் எல்லாம் சரி, பூஸ்டில் மட்டும் அமுக்கம் விழும். பம்ப் பழுது என்று இன்னொரு பம்ப் வாங்குவீர்கள்.

டேங்குக்குள் போட வேண்டியது எஸ்ஏஇ ஜே30ஆர்10 என்று அச்சடித்த மூழ்கு ஹோஸ். வெளியே எஞ்சின் பக்கம் ஜே30ஆர்9. கிளிப், பல்லு வெட்டாத, முழு வட்டமாக இறுக்கும் இன்ஜெக்ஷன் கிளிப். தண்ணீர் ஹோஸுக்குப் போடும் துளையிட்ட கிளிப் ரப்பரை வெட்டும். பைப் அளவைப் பொறுத்தவரை, காரோடு வந்த 8 மில்லிமீற்றர் போதும். ஃபில்டர் டேங்குக்கு வெளியே தனியாக உள்ள கார் என்றால் 10 மைக்ரோன் வகையைப் பம்புக்குப் பின்னால் போடுங்கள். பம்புக்கு முன்னால் நுண்ணிய ஃபில்டர் போட்டால் பம்ப் உறிஞ்ச முடியாமல் குமிழி விடும். உயரத்தில் வளியமுக்கம் குறைவு என்பதால் இங்கே அந்தக் குமிழி இன்னும் சீக்கிரம் வரும்.

பெற்றோல் டேங்குக்குள் அலைவதும் மலையில் தனிப் பிரச்சினை. ஏற்றத்தில் பெற்றோல் பின்னுக்கு ஓடும், கொண்டை ஊசி வளைவில் பக்கத்துக்கு ஒதுங்கும். மஹியங்கனைப் பதினெட்டு வளைவில் கால் டேங்குடன் ஏறும் டர்போ கார், ஒவ்வொரு வளைவு முடிவிலும் அரை விநாடி வளியை உறிஞ்சலாம். டர்போ இல்லாத காரில் அது ஒரு தும்மல். பூஸ்டில் அந்த அரை விநாடி லீன். பம்ப் உட்காரும் கிண்ணத்தை உடைத்தோ வெட்டியோ பெரிய பம்பைத் திணிக்காதீர்கள், பெற்றோலைப் பிடித்து வைப்பதே அந்தக் கிண்ணம்தான். டேங்கைப் பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் பழகிக்கொண்டால் சாலைக் காருக்குப் போதும். மஹகஸ்தோட்டை, ரதெல்ல மலையேற்றப் போட்டிகளுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஒன்றிரண்டு லீற்றர் தனித் தாங்கி ஒன்று, பெற்றோல் எஞ்சினுக்குப் போகும் வழியில் தேவைப்படும்.

வயர்

காரோடு வந்த பம்ப் வயர் மெல்லிது, இருபது வருடப் பழசு. பம்ப் இழுக்கும்போது பெட்டரியிலும் பம்பின் மின் இணைப்பிலும் வோல்டை அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை வோல்டுக்கு மேல் என்றால் புது வயர் இழுக்க வேண்டும். பெட்டரியிலிருந்து 15 சென்றிமீற்றருக்குள் 15 அம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து 4 சதுர மில்லிமீற்றர் வயர் ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) 30 இலக்கப் பின்னுக்கு, 87 இலக்கப் பின்னிலிருந்து பம்புக்கு. பழைய பம்ப் வயர் 86க்கு, 85 காரின் உலோக உடலுக்கு. பம்பின் எர்த்தும் புதிது, பெயின்ட் சுரண்டிய இடத்தில்.

பழைய வயரை ரிலேயை இயக்க விடுவது சோம்பல் வேலை அல்ல. எஞ்சின் நின்றால் இசியு அந்த வயரை நிறுத்தும், பம்பும் நிற்கும். சாவியோடு நேரே பம்பை மாட்டிவிட்டால், கார் பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்தாலும் பம்ப் பெற்றோலை ஊற்றிக்கொண்டே இருக்கும்.

இசியு, சென்சர்

இதைப் பெரிதாக விரிக்கப் போவதில்லை, இசியு டியூன் செய்வது தனி வேலை. ஆனால் டியூன் செய்பவரிடம் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள். இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் தாமதம், ஒவ்வொரு வோல்டுக்கும் தனித்தனியாகப் பதிந்திருக்கிறதா? இல்லாவிட்டால் மழை இரவில் விளக்கு, வைப்பர், ஹீட்டர் எல்லாம் ஓடும்போது வோல்ட் இறங்கி ஐட்லிங் தடுமாறும். அமுக்க சென்சர் பூஸ்டையும் படிக்கக்கூடிய 2 பார் வகையா?

மூன்றாவதுதான் முக்கியம். சில இசியுகள் வெளி வளியமுக்கத்தைச் சாவி திருப்பும்போது ஒருமுறை மட்டும் படித்து வைத்துக்கொள்ளும். நுவரெலியாவில் ஸ்டார்ட் செய்து ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கலை என்று நிறுத்தாமல் இறங்கினால், அவிசாவளையிலும் அது 81 கிலோபாஸ்கல் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். மெனிபோல்ட் அமுக்கத்தை வைத்துக் கணக்குப் போடும் இசியுவில் இந்தப் பிசகு சிறிது. எக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை வைத்து மட்டும் கணக்குப் போடும் முறையில் இது ஆளைக் கொல்லும். வெளி வளிக்கென்று தனி சென்சர் ஒன்று போட்டால் தீர்ந்தது. அதுவரை, இறங்கும் வழியில் தேநீருக்கு நிறுத்தும்போது சாவியை முழுக்க அணைத்துப் போடுங்கள்.

வைட்பேண்ட் சென்சர் டர்போவுக்கு அரை மீற்றராவது பின்னால், பைப்பின் மேல் பாதியில், சாய்த்து இருக்கட்டும். அடியில் இருந்தால் குளிரில் தேங்கும் நீர் அதை வெடிக்க வைக்கும். பூஸ்டில் வளி-பெற்றோல் விகிதம் 11.5க்கும் 12க்கும் இடையில். 12.5ஐத் தாண்டினால் காலை எடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

ரெயிலில் ஒரு மின் அமுக்க சென்சர் போட்டு, அதன் வயரை மட்டும் டாஷ்போர்டுக்குக் கொண்டு வாருங்கள். பெற்றோல் ஹோஸையே கேபினுக்குள் இழுத்து கேஜ் மாட்டும் வேலையை யாரும் செய்யக் கூடாது. ரெயில் அமுக்கம், பூஸ்ட், வைட்பேண்ட், பெட்டரி வோல்ட் நான்கையும் பதிவு செய்யுங்கள். ஓட்டுகிறவர் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

முதல் ஓட்டம் கம்பளையிலிருந்து புசல்லாவை, ரம்பொடை வழியாக மேலே. வேகம் வேண்டாம், சாதாரண ஓட்டம், பாதி எக்சிலேட்டர். இங்கே தேடுவது தாக்குப்பிடித்தல். முதல் ஐந்து நிமிடம் 3 பாரில் நின்ற அமுக்கம், இருபது நிமிடம் ஏறிய பின் 2.8க்கு நழுவினால், பம்ப் சூடாகிறது அல்லது ரிலே ஜொயின்ட்டில் வோல்ட் விழுகிறது. வோல்ட் பதிவு எது என்று சொல்லிவிடும். வளைவு முடிவில் மட்டும் முள் துள்ளினால், டேங்கில் பெற்றோல் அலைகிறது. மேலே ஏறி நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யும்போது திணறினால், ரெயிலில் ஆவி கட்டியிருக்கிறது. சாவியை இரண்டு மூன்று தடவை போட்டு பம்பை ஓட விட்டுப் பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள், டர்போ பக்கமிருந்து ரெயிலுக்கு வெப்பத் தடுப்புத் தகடும் போடுங்கள்.

முழு இழுவைச் சோதனையை மலைச் சாலையில் செய்யாதீர்கள். கொழும்புப் பக்கம் டைனோ (காரை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு வலுவை அளக்கும் கருவி) உள்ள இடத்துக்குக் கொண்டுபோய், அடர்ந்த வளியில் செய்யுங்கள். பூஸ்ட் 0.4 இல் சுழற்சி ஏற ஏறக் கலவை லீன் ஆகிறது, ரெயில் அமுக்கமும் கூடவே விழுகிறது என்றால் பம்ப், ஃபில்டர், வயர் பக்கம் தேடுங்கள். அமுக்கம் அசையாமல் நிற்க, கலவை மட்டும் லீன் என்றால் இன்ஜெக்டர் போதவில்லை அல்லது இசியுவின் கணக்கு பிசகு. இன்ஜெக்டர் திறந்திருக்கும் வீதம் 85ஐத் தொட்டால் பூஸ்டைக் குறைத்துவிட்டு ஊருக்கு வாருங்கள், மேலே வந்ததும் அது 75க்கு இறங்கி "சரியாகிவிட்டது" போல் தெரியும்.

பிளக் ஒரு படி குளிர்ந்த வகை, இடைவெளி 0.7 மில்லிமீற்றர். காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் அறிவியுங்கள். வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் போகும் முன் புகைப் பரிசோதனை இருக்கிறது. ஐட்லிங்கை ரிச்சாக விட்டு வைத்தால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

முதல் 500 கிலோமீற்றருக்குப் பின் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெற்றோல் வாடை வந்தாலோ ஒயில் மட்டம் ஏறியிருந்தாலோ, ஏதோ ஒரு இன்ஜெக்டர் மூடாமல் கசிகிறது, அல்லது குளிர் ஸ்டார்ட்டுக்கு அளவுக்கு மீறி ஊற்றுகிறார்கள். ஒயிலை மாற்றி, நான்கு பிளக்கையும் வரிசையாகக் கழற்றி வையுங்கள். மூன்று தேநீர் நிறத்திலும் ஒன்று கரி படிந்தும் இருந்தால், அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டும்.